ஐகாம் ஐசி-7300 டிரான்ஸ்சீவரைக் கணினியிலிருந்து இயக்குவது எப்படி?

ஐசி-7300 அமெச்சூர் வானொலிக்கான ஒரு டிரான்ஸ்சீவர், அதாவது அனுப்பவும் பெறவும் கூடிய ரேடியோ. அதன் பின்புறம் ஒரு யுஎஸ்பி துளை இருக்கிறது. பிரிண்டருக்குப் போடும் சதுர முனைக் கேபிள்தான் அதற்கும். அந்த ஒரே கேபிள் வழியாக அதிர்வெண்ணை மாற்றலாம், மோடை (குரல், மோர்ஸ், தரவு போன்ற முறையை) மாற்றலாம், டிரான்ஸ்மிட் செய்ய வைக்கலாம், ஒலியையும் இரு பக்கமும் அனுப்பலாம். சவுண்டு கார்டு ரேடியோவுக்குள்ளேயே இருப்பதால் தனி இடைமுகப் பெட்டி வாங்கிப் பணத்தைச் செலவிட வேண்டாம். எஃப்டி8 (கணினி வழியாகச் சிறு செய்திகளைப் பரிமாறும் டிஜிட்டல் முறை) செய்ய நினைப்பவர்களுக்கு இந்த இணைப்பு இல்லாமல் முடியாது. அதில் ஒவ்வொரு சுற்றும் 15 விநாடி. அனுப்புவது மட்டும் 12.64 விநாடி. அந்தக் கணக்கைக் கணினிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமம், ஆன்டெனா, 13.8 வோல்ட் மின்வழங்கி எல்லாம் உங்களிடம் இருப்பதாகவும், மென்பொருளை நிறுவத் தெரியும் என்றும் வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்: கணினி முதலில் ரேடியோவின் அதிர்வெண்ணைப் படிக்க வேண்டும். அது நடந்த பிறகே அதிர்வெண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்மிட் கடைசியில்தான். இந்த வரிசையில் போனால், கோளாறு எங்கே என்று தேடுவது எளிது.

படி 1: டிரைவர்

விண்டோஸ் என்றால், கேபிளைச் செருகுவதற்கு முன்பே ஐகாம் தளத்திலிருந்து யுஎஸ்பி டிரைவரை இறக்கி நிறுவிவிடுங்கள். பிறகு கேபிளைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் சிலிக்கான் லேப்ஸ் சிபி210எக்ஸ் என்ற பெயரும் அருகில் ஒரு காம் எண்ணும் தெரியும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் இந்த டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் போதும்.

படி 2: ரேடியோவின் அமைப்புகள்

மெனு, செட், கனெக்டர்ஸ் என்று உள்ளே போங்கள். அங்கே சிஐ-வி (கணினியும் ரேடியோவும் பேசிக்கொள்ளும் ஐகாமின் கட்டளை முறை) என்ற துணைப் பட்டியலில் முகவரி 94 என்று இருக்கட்டும். அது இந்த மாடலுக்குரிய எண். சிஐ-வி டிரான்ஸீவ் என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால், நீங்கள் டயலைத் திருப்பும்போதெல்லாம் ரேடியோ தானாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். நமது மென்பொருள் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும் என்பதால் அது தேவையில்லை.

சிஐ-வி யுஎஸ்பி போர்ட் என்பதை அன்லிங்க் ஃப்ரம் ரிமோட் என்று வையுங்கள். அப்போதுதான் யுஎஸ்பிக்கெனத் தனி வேகம் கிடைக்கும். அதன் கீழே யுஎஸ்பி பாட் வேகத்தை 115200 ஆக்குங்கள். அதிர்வெண்ணைப் படிக்க 19200 கூடப் போதும். ஆனால் ரேடியோவின் ஸ்கோப் படத்தை (சுற்றியுள்ள சிக்னல்களின் வரைபடத்தை) கணினித் திரையில் பார்க்க வேண்டுமானால் 115200தான் வேண்டும். ஆட்டோ என்றும் ஒரு தேர்வு இருக்கிறது. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. இரு பக்கமும் ஒரே எண்ணைக் கையால் வைத்துவிட்டால் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று குறைகிறது.

ஒலிக்கு, டேட்டா மாட் (தரவு மோடில் அனுப்பும் ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்ற அமைப்பு) என்பதை யுஎஸ்பி என்று மாற்றுங்கள்.

படி 3: திறந்தவுடன் டிரான்ஸ்மிட் ஆகும் சிக்கல்

என்னை நீண்ட நேரம் நிறுத்தி வைத்த படி இதுதான். மென்பொருளைத் திறந்த மறுகணமே, யாரும் எதையும் அழுத்தாமல், ரேடியோவின் சிவப்பு விளக்கு எரியும். மென்பொருளை மூடினால் அணையும். டிரைவரை மாற்றினாலும் கேபிளை மாற்றினாலும் இது தீராது.

காரணம் இதுதான். சீரியல் போர்ட்டில் தரவுக் கம்பிகளைத் தவிர ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற இரண்டு சைகைக் கம்பிகள் உண்டு. யுஎஸ்பிக்குள் அவை கற்பனைக் கம்பிகள்தான் என்றாலும் வேலை அதேதான். ஒரு மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போது பெரும்பாலும் இந்த இரண்டும் தாமாகவே உயர்நிலைக்குப் போய்விடும். ரேடியோவில் யுஎஸ்பி செண்ட் என்ற அமைப்பு ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர் என்று இருந்தால், அந்த உயர்நிலையை அது ‘அனுப்பு’ என்ற கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பி கீயிங் என்ற அமைப்பும் அப்படியே: சிடபிள்யூ (மோர்ஸ்) மோடில் இருந்தால் மோர்ஸ் விசையை அழுத்திப் பிடித்ததுபோல் ஆகிவிடும். பழைய ரேடியோ வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் தமது மென்பொருளுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்கலாம்.

ஆகவே கனெக்டர்ஸ் பட்டியலில் யுஎஸ்பி செண்ட், யுஎஸ்பி கீயிங் அனைத்தையும் ஆஃப் செய்யுங்கள். டிரான்ஸ்மிட் கட்டளையை சிஐ-வி வழியாகவே அனுப்பப் போகிறோம். இந்தக் கம்பிகள் நமக்கு வேண்டாம்.

படி 4: எஃப்எல்ரிக்

சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும். லாக் (தொடர்புகளின் பதிவேடு) எழுதும் மென்பொருள் ஒன்று, எஃப்டி8 மென்பொருள் ஒன்று என இரண்டையும் நேரடியாக ரேடியோவோடு இணைக்க முயன்றால் இரண்டாவதாகத் திறப்பது பிழைச்செய்தி காட்டும். இதற்காகவே நான் எஃப்எல்ரிக் என்ற ரேடியோ கட்டுப்பாட்டு மென்பொருளை நடுவில் வைக்கிறேன். அது மட்டும் போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும்; மற்றவை எல்லாம் 12345 என்ற நெட்வொர்க் போர்ட்டில் அதனிடம் கேட்டுக்கொள்ளும். இலவசம், சிறியது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஹாம்லிப் தொகுப்பில் உள்ள ரிக்சிடிஎல்டியும் இதே வேலையை 4532 என்ற போர்ட்டில் செய்கிறது. கட்டளை வரியில் பழகியவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் முதல் முறை செய்பவர், எண்கள் கண்முன்னே மாறுவதைப் பார்க்க வேண்டும் என்பதால் எஃப்எல்ரிக்கையே சொல்வேன்.

அதன் அமைப்புத் திரையில் ரேடியோவின் பெயர், படி 1இல் குறித்த போர்ட், 115200 வேகம், டிரான்ஸ்மிட்டுக்கு கேட் கட்டளை (கணினி ரேடியோவுக்கு அனுப்பும் கட்டளை; இங்கே அது சிஐ-வி வழியாகப் போகிறது) ஆகியவற்றைத் தேர்ந்து இனிட் பொத்தானை அழுத்துங்கள். ரேடியோவின் டயலைத் திருப்புங்கள். திரையில் எண் கூடவே நகர்ந்தால் கடினமான பகுதி முடிந்தது.

உள்ளே நடப்பது அழகானது. எஃப்இ, எஃப்இ, 94, இ0, 03, எஃப்டி என்று ஆறே பைட்டுகளை (பதினாறடிமான எண்களில் எழுதியவை) கணினி அனுப்புகிறது. முதல் இரண்டும் தொடக்கம், 94 ரேடியோ, இ0 கணினி, 03 என்றால் ‘அதிர்வெண் என்ன?’, எஃப்டி முடிவு. ரேடியோ 14.074 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் பதிலின் நடுவில் 00 40 07 14 00 என்று வரும். சிறிய இலக்கங்கள் முதலில், பெரியவை கடைசியில். வலமிருந்து இடமாக, இரண்டிரண்டாகப் படித்துப் பாருங்கள்: 00 14 07 40 00. 14 மெகாஹெர்ட்ஸும் 74 கிலோஹெர்ட்ஸும் தெரியும். எண் நகரவில்லை என்றால் போர்ட், வேகம், முகவரி என்ற மூன்றில் ஒன்று பொருந்தவில்லை. அவற்றை அதே வரிசையில் சரிபாருங்கள்.

படி 5: டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ்

இதுதான் எஃப்டி8 மென்பொருள். இதன் ரேடியோ பட்டியலில் ஐசி-7300ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள். எஃப்எல்ரிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிடிடி (டிரான்ஸ்மிட்டை இயக்கும்) முறை கேட், மோடு டேட்டா. ஸ்பிளிட் என்ற இடத்தில் ஃபேக் இட் அல்லது ரிக் என்று வையுங்கள். நன் (None, எதுவும் இல்லை) என்று விடுபவர்கள் உண்டு, அது சரியல்ல. ஸ்பிளிட் இருந்தால் மென்பொருள் அனுப்பும்போது டயலைச் சற்று நகர்த்தி, ஒலியை 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் வைத்துக்கொள்ளும். ஒலி சிதைந்தால் உருவாகும் அதன் இரண்டாம் மடங்கு 3000க்கு மேல் போய்விடுவதால் ஃபில்டரில் தடுக்கப்படும். உங்கள் சிக்னல் சுத்தமாகப் போகும்.

டெஸ்ட் கேட் பொத்தான் பச்சையானால் நல்லது. டெஸ்ட் பிடிடியை அழுத்துமுன் ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டம்மி லோடை (அலையைக் காற்றில் விடாமல் உறிஞ்சிக்கொள்ளும் கருவியை) மாட்டி, பவரைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு எரிந்து, மீண்டும் அழுத்தியதும் அணைய வேண்டும்.

பின்சேர்க்கை

வாசகர் ஒருவர், தமது யேசு நிறுவனத்தின் எஃப்டி-991ஏ ரேடியோ இரண்டு காம் போர்ட்டுகளைக் காட்டுகிறது, எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தார். என்ஹான்ஸ்டு என்ற பெயருள்ளதுதான் கேட் கட்டளைகளுக்கு.

இன்னொருவருக்கு எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனால் பவரை 100 வாட்டுக்கு ஏற்றினால் நடுவில் இணைப்பு அறுந்து, ரேடியோ டிரான்ஸ்மிட்டிலேயே நின்றுவிடுகிறது. இது ரேடியோ அலை யுஎஸ்பி கேபிளில் ஏறுவதால் வருவது. பவரைக் குறைத்தால் சிக்கல் மறைகிறதா என்று பாருங்கள்; மறைந்தால் மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம். நீளம் குறைந்த, நல்ல உறை கொண்ட கேபிளை வாங்கி, அதன் இரு முனைகளிலும் ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றுங்கள். ஆன்டெனாவின் ஊட்டுக் கம்பியிலும் சோக் (கம்பியின் வெளிப்புறத்தில் ஓடும் ரேடியோ அலையைத் தடுப்பது) ஒன்று போடுங்கள்.

மூன்றாவது, பலர் கேட்டது. விண்டோஸ் இந்த ரேடியோவைப் புதிய ஸ்பீக்கராக எண்ணி, தானாகவே இயல்புச் சாதனமாக மாற்றிக்கொள்ளக்கூடும். அப்படியானால் மின்னஞ்சல் வந்த மணியோசை எஃப்டி8 சிக்னலோடு சேர்ந்து காற்றில் போகும். சவுண்டு அமைப்பில் கணினியின் சொந்த ஸ்பீக்கரையே இயல்பாக வைத்து, யுஎஸ்பி ஆடியோ கோடெக் என்பதை டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸுக்குள் மட்டும் தேர்ந்தெடுங்கள்.