இழுவைப் படகில் முதல் பயணம் செல்பவருக்கு

ஆழ்கடல் இழுவைப் படகில் பகல், இரவு என்ற கணக்கு கிடையாது. வலை கடலில் இழுபடும் மூன்று, நான்கு மணி நேரமே ஒரு பொழுது. வலையை ஏற்றி, மீனைத் தரம் பிரித்து, ஐஸில் அடுக்கி, தளத்தைக் கழுவி முடித்தபின் மிஞ்சுவதே தூக்கத்துக்கான நேரம் என்பதால், கை ஓய்ந்த உடனே படுத்துவிட வேண்டும். வாந்தி மாத்திரையைக் கரையிலேயே விழுங்கிவிடுங்கள். குமட்டல் தொடங்கியபின் விழுங்கினால் அது வயிற்றில் தங்காது.

வலை ஏற்றும் நேரத்தில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. வலையின் கம்பிவடத்தைச் சுருட்டி இழுக்கும் இயந்திரமான வின்ச் சுழலத் தொடங்கியபின் கம்பிவடத்தின் நேர்கோட்டில் நிற்கக் கூடாது. இறுகிய வடம் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். தளத்தில் சுருண்டு கிடக்கும் கயிற்றின் வளையத்துக்குள் கால் வைப்பதும் அதே அளவு கேடானது. கயிற்றின் மறுமுனை கடலுக்குள் ஓடினால், வளையம் கணுக்காலில் இறுகி ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். மிதவைச் சட்டை வேலைக்கு இடைஞ்சல் என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மீன் சேரும் வலையின் பை முனையான மடி அவிழ்ந்து மீன் தளத்தில் கொட்டியதும் வெயிலோடு போட்டி தொடங்குகிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற, உண்பவருக்குக் கேடு தரும் பொருள் உருவாகும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. வெப்பமண்டலக் கடலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான கணக்கு. பெட்டியின் அடியில் சுமார் 5 செ.மீ. உயரத்துக்கு நொறுக்கிய ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்க வேண்டும். மீனோடு மீன் ஒட்டிக் கிடந்தால் நடுவில் குளிர் இறங்காது. குடல் நீக்கிய மீனை வயிறு கீழ்நோக்கி வைத்தால் உருகிய நீர் உள்ளே தேங்காது. அந்த நீர் குளிரைக் கீழே கொண்டுசெல்வதோடு ரத்தத்தையும் கழுவுவதால், பெட்டியின் வடிதுளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

மீன் அழுகிக் கிடக்கும் அறைக்குள், காற்றோட்டம் செய்து சோதிக்காமல் இறங்காதீர்கள். அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். செறிவு கூடியதும் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் அடுத்தடுத்து விழுந்து மடிவது இதனால்தான்.

கெளுத்தி முள் குத்தினால், தோல் வெந்துவிடாமல் தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில் கையை அமிழ்த்தினால் வலி தணியும். மழைச்சட்டை உராயும் மணிக்கட்டில் உப்புப் புண் வராமலிருக்க, படுக்கும் முன் அவ்விடத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

இரவுக் காவல் உங்கள் முறைக்கு வந்தால் விளக்குகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால் வலை இழுக்கும் இழுவைப் படகு. சிவப்புக்குக் கீழே வெள்ளை என்றால் வேறுவகை வலையோ தூண்டிலோ போட்டிருக்கும் படகு. ஒரு விளக்கு திசைகாட்டியில் இடம் மாறாமல் நெருங்கிக்கொண்டே வந்தால் மோதல் வழியில் இருக்கிறீர்கள் என்று பொருள். உடனே ஓட்டுநரை எழுப்புங்கள். வீணாக எழுப்பியதற்காக அவர் திட்டினால், திட்டிவிட்டுத் தூங்கப் போகட்டும்.