ஐவிஎஃப் சென்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்: கத்தோலிக்கத் தம்பதிகளுக்கு

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும், கிருஷ்ணகிரிப் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் "ஏதும் விசேஷம் இல்லையா?" என்று கேட்டுவிடுவார்கள். எனக்கு அந்தக் கேள்வி ஒன்பது வருஷம் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுகூட வந்தது. கேட்பவர்களில் பாதிப்பேர் கையோடு ஒரு ஐவிஎஃப் (முட்டையையும் விந்தையும் லேபில் சேர்த்துக் கருவாக்கும் முறை) சென்டர் பேரும் சொல்வார்கள், சேலத்தில் ஒன்று, பெங்களூருவில் ஒன்று, "எங்க நாத்தனார் மகளுக்கு அங்கதான் நின்னுச்சு" என்று. கத்தோலிக்கர்கள் இதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. திருமணத் தயாரிப்பு வகுப்பில் இயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாடு பற்றிச் சொன்னார்கள். குழந்தை வராவிட்டால் என்ன செய்வது என்பது பாடத்திலேயே இல்லை.

ஒரு பெரிய ஊர் சென்டரில் பதினோரு பக்க ஆங்கிலப் படிவம் கொடுத்தார்கள். நர்ஸ் பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் நானும் என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டோம். அந்த மாதம் எனக்குத் தைராய்டு எகிறியதால் ஊசி போடுவது தள்ளிப்போனது, நல்லவேளை. வீட்டுக்கு வந்து நகலைப் படித்தபோதுதான் ஏழாம் பக்கத்தில் "மீதமாகும் கருக்கள்" என்று ஒரு பத்தியும், அதற்குக் கீழே மூன்று கட்டங்களும் இருந்தது தெரிந்தது: சேமிக்க, ஆராய்ச்சிக்குக் கொடுக்க, அழித்துவிட. மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டிருந்தது. அதை நாங்கள் போடவில்லை.

நான் டாக்டரும் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. அதற்குப் பிறகு தேடித் தேடித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு கேள்விகள்

திருச்சபை விஞ்ஞானத்துக்கு எதிரி, டாக்டரிடமே போகக்கூடாது என்கிறது என்றெல்லாம் பேசுவார்கள், நம்பாதீர்கள். இந்த விஷயத்தில் முக்கியமான ஏடுகள் இரண்டு. 1987இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'தோனும் வீத்தே' ஒன்று, அப்போது அதன் தலைவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னால் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆனவர். 2008 டிசம்பரில் அதே பேராயம் வெளியிட்ட 'திக்னித்தாஸ் பெர்சோனே' இன்னொன்று. இரண்டையும் படித்து முடித்தபோது என் நோட்டில் மிஞ்சியது இரண்டு கேள்விதான். டாக்டர் எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் இதைக் கேளுங்கள்: இது நாங்கள் கணவன் மனைவியாகச் சேர்வதற்கு உதவுகிறதா, இல்லை அந்தச் சேர்க்கையை ஓரங்கட்டிவிட்டு அதன் வேலையை லேபில் செய்கிறதா? கரு உருவானால் அந்தக் கருவுக்கு, ஒவ்வொரு கருவுக்கும், என்ன ஆகும்?

முதல் கேள்விக்குள் இன்னொன்றும் அடக்கம்: நடுவில் மூன்றாவது ஆள் வருகிறாரா? வேறொருவர் விந்து, வேறொருத்தி கருமுட்டை, வாடகைத் தாய் எதுவானாலும் திருச்சபை கண்டிப்பாகக் கூடாது என்கிறது. வாடகைத் தாய் முறையை 2024 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் தூதர்கள் முன்னால் பேசும்போது நேரடியாகவே கண்டித்தார். நம் நாட்டுச் சட்டம் 2021இல் பணத்துக்கு வாடகைத் தாய் என்பதைத் தடை செய்துவிட்டு, பணம் வாங்காமல் செய்தால் சரி என்று விட்டிருக்கிறது. சட்டம் விட்டதெல்லாம் திருச்சபையும் விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"நம்ம முட்டை, நம்ம விந்து, அப்புறம் என்ன தப்பு?" இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நாள் முட்டிக்கொண்டு நின்றேன். திருச்சபையின் மறைக்கல்வி 2377ஆம் எண்ணில், கணவன் மனைவிக்குள்ளேயே நடக்கும் செயற்கைக் கருத்தரிப்பு மற்றதைவிடக் குறைவான தப்பாக இருக்கலாம், ஆனாலும் ஏற்க முடியாது என்கிறது. அடுத்த எண்ணிலேயே, குழந்தை நமக்குச் சேர வேண்டிய பாக்கி இல்லை, கொடை என்கிறது. படித்தபோது கோபம்தான் வந்தது, பிள்ளை பெற்றவர்கள் சொல்வதற்கு எளிது என்று தோன்றியது. ஆனால் சென்டரில் அந்த டாக்டரம்மா பேசியது நினைவுக்கு வந்தது. ஏ கிரேடு கரு, பி கிரேடு கரு, நல்லதாக இரண்டை வைப்போம், மிச்சத்தைப் பார்ப்போம் என்றார். எங்கள் ஊர் மாங்காய் மண்டியில் இப்படித்தான் தரம் பிரிப்பார்கள். நல்லது பெட்டிக்கு, மிச்சம் கூழ் ஃபேக்டரிக்கு. ஏட்டில் இருந்த வாதம் எனக்குப் புரிந்தது அந்த நிமிஷத்தில்தான்.

செய்யக்கூடியதை முழுசாகச் செய்யுங்கள்

எது கூடாது என்ற பேச்சிலேயே எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். கூடும் என்ற பட்டியல் நீளம். நீர்க்கட்டிக்கும் தைராய்டுக்கும் மாத்திரை, முட்டை வளர மாத்திரை, முட்டை வளர்வதைக் காட்டும் ஃபாலிக்குலர் ஸ்கேன் பார்த்து எந்த நாள் சேரலாம் என்று சொல்வது, கருக்குழாய் அடைப்பைச் சரிசெய்யும் ஆபரேஷன், எண்டோமெட்ரியோசிஸுக்கு (கர்ப்பப்பைச் சவ்வு வெளியே வளர்வது) லேப்ரோஸ்கோப்பி என்ற சின்னத் துளை ஆபரேஷன், ஆணுக்கு வெரிகோசீல் (விதைப்பை நரம்பு வீக்கம்) ஆபரேஷன், எல்லாமே சரி. கர்ப்பப்பையில் காசநோய் வந்து குழாய் அடைத்துக்கொள்வது நம் நாட்டில் அபூர்வம் இல்லை, கேட்டுப் பாருங்கள். பெண்ணின் சளித் திரவத்தைக் கவனித்து நாள் பார்க்கும் பில்லிங்ஸ் முறையைக் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், கருவுறும் நாளைக் கண்டுபிடிக்கவும் அதே முறைதான். என் அனுபவத்தில் பல சென்டர்கள் இதையெல்லாம் அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஐவிஎஃப் பேக்கேஜுக்குத் தாவிவிடுகின்றன. அடிப்படை ரத்தப் பரிசோதனைகளைத் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ முடித்து, ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பேரம் பேச உங்களிடம் ஏதோ இருக்கும்.

இனி விந்துப் பரிசோதனை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். லேபில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, கடைசி ரூமைக் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் திருதிருவென்று முழித்தார், சுய இன்பம் பாவம் என்று சின்ன வயசில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது அவருக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் விடவில்லை. இதற்கு வழி இருக்கிறது. வீட்டில் கணவன் மனைவி சேரும்போதே விந்தைச் சேகரிக்க, இதற்கென்றே செய்த உறை கிடைக்கும். சாதாரண ஆணுறை கூடாது, அதில் தடவியிருக்கும் பொருள் விந்தணுவைக் கெடுத்துவிடும். அந்த உறையில் ஊசியால் ஒன்றிரண்டு ஓட்டை போட்டுக்கொண்டால் சேர்க்கை கருத்தரிப்புக்குத் திறந்ததாகவே இருக்கும் என்பது கத்தோலிக்க ஒழுக்கவியலார் சொல்லும் யோசனை. முன்னதாக இரண்டு நாளிலிருந்து ஏழு நாள்வரை சேராமல் இருக்க வேண்டும். சாம்பிள் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும், அதுவும் உடம்புச் சூட்டில், சட்டைக்குள் வைத்துக்கொண்டு. அதனால் பெங்களூரு லேபை மறந்துவிடுங்கள், ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி டிராஃபிக்கிலேயே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். உள்ளூர் லேபிலேயே கொடுங்கள். முந்தின நாளே போன் செய்து "வீட்டிலிருந்து கொண்டுவருவோம்" என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கவுன்ட்டரில் நாலு பேர் முன்னால் விளக்க வேண்டிவரும்.

ஐயூஐ, அதாவது விந்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் முறை பற்றி இறையியலாளர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. சேர்க்கைக்கு உதவியாக இருந்தால் சரி, அதற்கு மாற்றாக இருந்தால் கூடாது என்பது 1987 ஏட்டின் வரி. சென்டர்களில் வழக்கமாகச் செய்வது, டப்பாவில் எடுத்து, லேபில் கழுவி, குழாய் வழியாக உள்ளே விடுவது. அது மாற்றுதான் என்பது என் புரிதல்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

எந்த சென்டரிலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். "நகல் கொடுங்க, படிச்சிட்டு அடுத்த வாரம் வர்றோம்" என்று சொல்லுங்கள். தள்ளுபடி இன்றைக்கு மட்டும்தான் என்பார்கள், ஜவுளிக்கடை மாதிரி. அசையாதீர்கள். எத்தனை முட்டை எடுப்பார்கள், எத்தனையைக் கருவாக்குவார்கள், எத்தனையை உள்ளே வைப்பார்கள், மிச்சம் எங்கே போகும், மூன்று கரு நின்றுவிட்டால் ஒன்றைக் கலைக்கச் சொல்வார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதைக் 'குறைப்பு' என்று மெல்லிய பேரில் சொல்வார்கள். 2008 ஏடு அதைக் கருக்கலைப்பு என்றே சொல்கிறது.

ஏற்கெனவே கரு உறைய வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எளிய பதில் இல்லை. திருச்சபையே இதைத் தீர்க்க முடியாத அநீதியான நிலைமை என்றுதான் எழுதியிருக்கிறது. நம் நாட்டில் 10 வருஷம்வரைதான் சேமிக்கலாம், அப்புறம் அழிய விடுவார்கள், அல்லது உங்கள் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குப் போகும். ஆராய்ச்சிக்குச் சம்மதம் கொடுக்காதீர்கள், அது தெளிவாகவே கூடாது. வருஷா வருஷம் வரும் புதுப்பிப்புக் கடிதத்துக்கு அவசரத்தில் பதில் போடாமல் பங்குத்தந்தையிடம் போய்ப் பேசுங்கள். பாவசங்கீர்த்தன வரிசையில் பின்னால் பத்துப் பேரை நிற்க வைத்துக்கொண்டு வேண்டாம், தனியாக நேரம் கேளுங்கள். எங்கள் ஃபாதர் முதலில் கொஞ்சம் நெளிந்தார், அப்புறம் இரண்டு வாரம் கழித்து அவரே படித்துக் குறித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

ஜீன் விஷயம்

"சந்தூர்ல மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுறாங்களே, அது மாதிரிதானே ஜீனைத் திருத்துறதும்?" என்று என் மாமனார் கேட்டார். செடி கொடிகளை மாற்றுவதைத் திருச்சபை தடுக்கவில்லை. மனிதருக்கு வரும்போது கேள்வி மாறுகிறது. நோயாளியின் சொந்த உடம்புச் செல்லை மட்டும் திருத்தி நோயைக் குணமாக்குவது கொள்கையளவில் சரி. சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கு 2023இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி வாங்கிய சிகிச்சை இந்த வகைதான், நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்துத் திருத்தி அவருக்கே திருப்பிக் கொடுப்பது. 2018இல் சீனாவில் ஹ ஜியான்குய் என்பவர் செய்தது வேறு, கருவிலேயே ஜீனைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்தார். அந்த மாற்றம் பேரன் பேத்திவரை போகும் என்பதால் இன்றைய நிலையில் கூடாது என்கிறது 2008 ஏடு.

கருவை உள்ளே வைப்பதற்கு முன் ஜீன் பரிசோதனை செய்யலாம் என்று சென்டரில் சொன்னால், நோயுள்ளதை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எறிவதற்காகச் செய்யும் பரிசோதனை என்பதால்தான் திருச்சபை ஒத்துக்கொள்ளவில்லை. ஆணா பெண்ணா என்று பார்ப்பது 1994 சட்டப்படியே குற்றம். அதைத் தர்மபுரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் தர்மபுரி மாவட்டத்துக்கும் வந்ததை மறந்திருக்க மாட்டோம்.

இன்னொன்று, இது நம் பக்கத்துக்கே உரியது. அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டுவது இன்னும் இருக்கிறது. திருச்சபைச் சட்டம் 1091ஆம் பிரிவில் இப்படிப்பட்ட திருமணத்துக்குத் தடை இருக்கிறது, ஆயரின் விதிவிலக்கு வாங்கினால்தான் கோயிலில் கல்யாணம். அந்தக் காகிதத்துக்காக அலையும்போதே இரண்டு பேருக்கும் பரம்பரை ரத்த நோய்களான தலசீமியா, சிக்கிள் செல் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் பார்ப்பதில் எந்தக் கருவுக்கும் ஆபத்தில்லை.

ஏற்கெனவே செய்துவிட்டவர்களுக்கு

ஐவிஎஃப் செய்தால் சபைநீக்கம் என்று அன்பியக் கூட்டத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். அப்படிச் சட்டம் கிடையாது. பாவசங்கீர்த்தனம் உண்டு. அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் மறுக்கப்படுவதும் இல்லை, எப்படி உண்டானாலும் ஒவ்வொரு குழந்தையையும் கடவுளின் கொடையாக ஏற்க வேண்டும் என்று 1987 ஏடே சொல்கிறது. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தபோது, அடுத்த மாதமே திருத்தந்தை முதலாம் ஜான் பால் ஆகவிருந்த கர்தினால் லூச்சியானி, முறையை ஆதரிக்காவிட்டாலும் அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை என்றார். ஞானஸ்நான விருந்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே "டெஸ்ட் டியூப்தானே" என்று கிசுகிசுப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

தத்து

என் மாமியார் வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டிவிட்டு வந்த வருஷம்தான் நாங்கள் தத்துக்குப் பதிவு செய்தோம். முன்பெல்லாம் கிறிஸ்தவர்கள் 1890ஆம் வருஷத்துச் சட்டப்படி காப்பாளராக மட்டும்தான் இருக்க முடியும், இப்போது இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் முழுத் தத்தே எடுக்கலாம். மத்தியத் தத்து ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு, அப்புறம் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். இரண்டு வயசுக்குள் உள்ள குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக்கூடாது, அதனால் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே பதியுங்கள். முன்பு கோர்ட்டுக்கு அலைய வேண்டும், 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே ஆணை கொடுக்கிறார். தெரியாததைக் கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். ஆஸ்பத்திரியிலோ தெரிந்தவர் மூலமாகவோ "ஒரு குழந்தை இருக்கு" என்று யாராவது சொன்னால் தொடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

வரிசை நீளம், வருஷக்கணக்கில் ஆகும். வீடு பார்க்க வந்த அம்மா எங்கள் சமையலறை, கிணற்றடி எல்லாம் பார்த்துவிட்டு, கிணற்றுக்கு மூடி போடச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளே கம்பி மூடி போட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புவதற்கு முன் என் வீட்டுக்காரர் போனில் வரிசை எண்ணைப் பார்ப்பார், போன வாரம் பதினெட்டு இடம் முன்னால் வந்திருந்தது.