கிலுகிலுப்பை விதை எடுக்கும் பக்குவம்

வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் தோட்டத்துக்கு வர, சாலையோரம் மஞ்சளாகப் பூக்கும் கிலுகிலுப்பை நல்ல தொடக்கம். காய் பழுத்துக் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், அப்போது பறியுங்கள். ஒரே செடியை மொட்டையடிக்காமல் நாலைந்து செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். துளை விழுந்த காயில் புழு இருக்கும், ஒதுக்கிவிடுங்கள். விதையில் நஞ்சு உண்டு, குழந்தைகள் கையில் கிடைக்காமல் வையுங்கள்.

விதைத்தோல் கெட்டியானது. அதனால் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். உப்பிய விதைகளை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன், புரட்டாசிக் கடைசியில், நல்ல வெயில் படும் இடத்தில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். உரம் வேண்டாம், அவரைக் குடும்பச் செடிதானே, காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் தானே சேர்த்துக்கொள்ளும்! வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் தேடி வரும் தும்பையின் விதை கிடைத்தால் அதையும் விடாதீர்கள். பொடி விதை, மணலோடு கலந்து மேலாகத் தூவினால் சரி.