குறி கேட்கப் போகும் முன்: இறந்தவர் சொன்னதாக வரும் செய்தியைச் சோதித்தறியும் முறை

வீட்டில் ஒரு சாவு நேர்ந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு, உறவினர்களில் யாரேனும் ஒருவர் "ஒரு தடவை குறி கேட்டுப் பார்த்துவிடலாமே" என்று சொல்லாமல் இருப்பது சேலம் பக்கத்தில் அரிது. முன்பு அதற்கு உடுக்கை அடித்து அருள்வாக்குச் சொல்லும் பூசாரியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது ஆவியோடு பேசித் தருவதாகச் சொல்லும் மீடியம்களைக் கைப்பேசியிலேயே பிடித்துவிட முடிகிறது. போகலாமா வேண்டாமா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. போவதென்று தீர்மானித்துவிட்டவர்கள் அங்கே கேட்பதை எப்படி எடைபோடுவது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். சோதித்துப் பார்ப்பது இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்று தயங்குவோர் ஒன்றை அறிந்துகொள்வது நல்லது: ஆவிகளோடு பேசலாம் என்ற கொள்கையை ஒரு நெறியாகவே வகுத்துக் கொடுத்தவர், சோதிக்காமல் எதையும் ஏற்கக் கூடாது என்றுதான் எழுதிவைத்தார்.

அவர் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1804-இல் பிறந்த ரிவாய் என்ற பள்ளி ஆசிரியர். சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலோசியின் பள்ளியில் படித்தவர். ஆலன் கார்டெக் என்ற புனைபெயரில் எழுதினார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைவைத்தால் அது சுழல்கிறது, தட்டி விடை சொல்கிறது என்று 1850-களில் பாரிசு முழுவதும் பேச்சாக இருந்தபோது, அவர் அதை வேடிக்கையாகப் பார்க்காமல் வெவ்வேறு மீடியம்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு விடைகளை ஒப்பிட்டுத் தொகுத்தார். அந்தத் தொகுப்பு 1857 ஏப்ரல் 18 அன்று ‘ஆவிகளின் நூல்’ என்று வெளிவந்தது. மீடியம்களுக்கான கையேடு 1861-இல் வந்தது. ஸ்பிரிட்டிசம் என்று உலகம் அழைக்கும் இந்தக் கொள்கை அவருடைய சொந்த நாட்டைவிடப் பிரேசிலில்தான் ஆழமாக வேரூன்றியது.

அந்தக் கொள்கை சொல்வதைச் சுருக்கமாகவேனும் தெரிந்துகொண்டு போவது முதல் வேலை. உடல் அழிந்த பின் ஆவி நிலைக்கிறது; உடலுக்கும் ஆவிக்கும் இடையில், நம்மவர்கள் சூக்கும சரீரம் என்பதைப் போன்ற நுண்ணுடல் ஒன்று உண்டு; ஆவி மீண்டும் மீண்டும் பிறந்து அறிவிலும் ஒழுக்கத்திலும் உயர்கிறது. ‘பிறப்பது, இறப்பது, மறுபடியும் பிறப்பது, ஓயாமல் முன்னேறுவது, இதுவே விதி’ என்ற பொருள்பட அவருடைய கல்லறையிலேயே பொறித்திருக்கிறார்கள். இதுவரை நமக்குப் புதியது எதுவும் இல்லை, ‘உறங்கி விழிப்பது போலும் பிறப்பு’ என்று குறள் படித்தவர்கள்தானே நாம். ஆனால் ஓர் இடத்தில் வழி பிரிகிறது. ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று மாணிக்கவாசகர் பாடுவதைப் போல, மனித உயிர் விலங்காகவோ மரமாகவோ பிறக்கும் என்பதைக் கார்டெக் ஏற்கவில்லை. ஆவி ஒரு பிறவியில் தேங்கி நிற்கலாமே தவிரப் பெற்ற வளர்ச்சியை இழந்து கீழிறங்குவதில்லை என்பது அவர் கட்சி. சுகமுனிவர் கிளி வடிவில் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் சுகவனேசுவரர் கோயிலை ஊர் நடுவே வைத்திருக்கும் சேலத்துக்காரர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். இதைத் தெரிந்துவைத்திருப்பதில் நேரடிப் பயனும் உண்டு. கார்டெக் பெயரைச் சொல்லிக்கொண்டே "உங்கள் மாமனார் செய்த பாவத்தால் நாயாகப் பிறந்திருக்கிறார், பரிகாரம் செய்ய வேண்டும்" என்று ஒருவர் பேசினால், அவர் தாம் மேற்கோள் காட்டும் நூலைத் திறந்தே பார்க்கவில்லை என்று முடிவு கட்டலாம்.

இன்னொரு கருத்து இதைவிட முக்கியமானது. செத்துவிட்டதால் மட்டும் ஒருவர் எல்லாம் அறிந்தவராகிவிடுவதில்லை என்று கார்டெக் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆவிகளை அவர் மூன்று படிகளாகவும் பத்து வகுப்புகளாகவும் பிரிக்கிறார். கீழ்ப்படியில் பொய் சொல்பவை, கேலி செய்பவை, அரைகுறையாகத் தெரிந்துகொண்டு மேதாவி போலப் பேசுபவை எல்லாம் உண்டு. ஆகவே ஆவிதான் பேசியது என்று முழுமையாக நம்புகிறவருக்குக்கூட, பேசிய ஆவி யார், சொன்னது மெய்யா என்ற இரண்டு கேள்விகளும் மீதமிருக்கின்றன. ஒரு பொய்யை ஏற்பதைவிடப் பத்து மெய்களைத் தள்ளிவிடுவது மேல் என்ற அறிவுரை அவருடைய கையேட்டிலேயே இருக்கிறது.

போகும் முன் செய்ய வேண்டியது

ஒரு நோட்டு வாங்கி, இறந்தவரைப் பற்றி வெளியார் அறியக்கூடியவை எவை என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். இந்தப் பட்டியல் நீங்கள் நினைப்பதைவிட நீளமாக இருக்கும். தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பேனர் ஒன்றே போதும்: படம், பிறந்த தேதி, மறைந்த தேதி, மகன்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், தொழில், சங்கப் பொறுப்பு என்று குடும்பத்தின் முழு விவரமும் அதில் அச்சாகியிருக்கும். முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டசிலும் போட்ட இரங்கல் செய்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீடியம் இவற்றில் எதைச் சொன்னாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது.

அடுத்த பக்கத்தில், இறந்தவருக்கும் வீட்டில் ஒருவருக்கும் மட்டுமே தெரிந்த நான்கைந்து செய்திகளை எழுதி, நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்த ஒருவர் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். "அப்பா கொலுசு வேலை செய்தார்" என்பது ஊரறிந்த செய்தி. "நெருப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து உழைத்தார்" என்பது அதிலிருந்து யாரும் ஊகிக்கக்கூடியது. பற்றாசு வைக்கும் குறட்டின் பிடியில் அவர் சுற்றியிருந்த நூல் என்ன நிறம், கடைசியாக முடிக்காமல் விட்ட ஜோடி யாருடைய ஆர்டர், மகளைச் செல்லமாக எந்தப் பெயரால் கூப்பிட்டார் என்பனவே சோதனைக்கு உதவும் கேள்விகள். முன்பதிவு செய்யும்போது பெயர், நட்சத்திரம், புகைப்படம் எல்லாம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அனுப்பாமல் முடியாது என்று சொன்னால், அனுப்பியவற்றை எல்லாம் முதல் பக்கப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது

குடும்பத்திலேயே துக்கம் குறைவாக உள்ள ஒருவரை, பெரும்பாலும் ஒரு மருமகனோ தூரத்துச் சித்தப்பாவோ கிடைப்பார், எழுதுபவராக அழைத்துச் செல்லுங்கள். மீடியம் சொல்வதை மட்டுமல்லாமல் நம்மவர்கள் வாய்விட்டுச் சொல்வதையும் அவர் வரி மாறாமல் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து அந்தக் குறிப்பைப் படித்தால்தான் உண்மை தெரியும். "மார்புப் பக்கம் ஒரு வலி தெரிகிறது" என்று மீடியம் தொடங்குகிறார். "ஆமாங்க, ஆஸ்பத்திரியில பத்து நாள் இருந்தாரு" என்று அம்மா அழுகிறார். சற்று நேரம் கழித்து "மருத்துவமனைக் கட்டிலில் உங்களைத் தேடினார்" என்று விடை வருகிறது. வீடு திரும்பியதும், அவர் ஆஸ்பத்திரியில் தேடியதை மீடியமே சொல்லிவிட்டார் என்றுதான் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கும். இதில் அம்மாவின் குற்றம் எதுவும் இல்லை, துக்கத்தில் இருப்பவரின் நினைவு அப்படித்தான் வேலை செய்யும். அதனால் "ஆமாம்", "இல்லை", "தெரியாது" என்ற மூன்று சொற்களைத் தவிர வேறு விடை சொல்வதில்லை என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

"சொல்லாமல் போன ஒரு கணக்கு இருக்கிறது", "ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தார்", "வீட்டில் ஒரு பழைய படம் கோணலாக மாட்டியிருக்கிறது" போன்றவை எந்த வீட்டுக்கும் பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், அவரும் தலையாட்டினால் அந்த வரியை அடித்துவிடலாம்.

செய்தியின் உள்ளடக்கத்தை எடைபோடக் கார்டெக்கின் அளவுகோல்கள் கூர்மையானவை. பெரிய பெயரைச் சொல்லிக்கொண்டு வருவது எதற்கும் சான்றாகாது. சித்தர் பெயரில் வந்தாலும் முனிவர் பெயரில் வந்தாலும் பேச்சின் தரத்தை வைத்தே பார்க்க வேண்டும். புகழ்ந்து மயக்குவது, மிரட்டுவது, கட்டளையிடுவது, இன்ன தேதியில் இன்னது நடக்கும் என்று அடித்துச் சொல்வது, புதையலும் பங்காளிச் சண்டையும் பேசுவது ஆகியவை தாழ்ந்த ஆவியின் அடையாளங்கள் என்கிறார். ஆவி பேசவே இல்லை, மனிதர்தான் பேசுகிறார் என்று கருதுகிறவருக்கும் இதே அடையாளங்கள் அப்படியே பயன்படும். பணத்தைப் பற்றியும் அவருக்கு ஐயமே இல்லை: இலவசமாகப் பெற்ற ஆற்றலை இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும். தட்சணைக்கு வீதம் நிர்ணயித்து, முதல் அமர்வில் பாதிச் செய்தியும் மீதிக்கு அடுத்த அமர்வும் என்று நீட்டுகிறவர் ஸ்பிரிட்டிசத்தின் பெயரைச் சொல்லும் தகுதியை அங்கேயே இழக்கிறார்.

நாணயமும் பலகையும்

கல்லூரி விடுதிகளில் நாணயத்தின் மேல் விரல் வைத்து எழுத்துகளின் மீது நகர்த்தும் பழக்கம் இன்றும் இருக்கிறது. இதன் மூலமான வீஜா பலகைக்கு அமெரிக்காவில் 1891-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அது விளையாட்டுச் சாமானாகவே விற்கப்பட்டது. நம் 247 எழுத்துகளுக்கும் தாளில் இடம் போதாததாலோ என்னவோ, ஆங்கில எழுத்துகளையே வரைந்துகொள்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அம்மாயி ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி விடை சொல்வது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. எண்ணத்தை ஆவி தருகிறது, மொழியை மீடியத்தின் மூளை தருகிறது என்பது கார்டெக்கின் விளக்கம். அதை ஏற்றுக்கொண்டாலும், விடையில் விரல் வைத்தவரின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி வலுக்கத்தான் செய்கிறது.

அதற்கு விடை காணும் வழியை ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1853-இலேயே காட்டிவிட்டார். மேசை சுழலும்போது மேசை கையை இழுக்கிறதா, கை மேசையைத் தள்ளுகிறதா என்று காட்டும் கருவியை அமைத்தார்; தள்ளுவது கைதான் என்று தெரிந்தது. கருவியின் முள்ளை, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்போரே பார்க்கும்படி வைத்ததும் மேசை அசைவதை நிறுத்திவிட்டது. அவர்கள் ஏமாற்றவில்லை, தாம் தள்ளுவது அவர்களுக்கே தெரியாது. வீட்டில் இதைச் செய்ய எந்தக் கருவியும் தேவையில்லை. விரல் வைத்த எல்லோர் கண்களையும் துண்டால் கட்டிவிட்டு, தாளை ஓசையின்றிப் பாதிச் சுற்றுத் திருப்பி வையுங்கள். நாணயம் எழுத்துகள் முன்பு இருந்த இடத்தை நோக்கிப் போனாலோ, பொருளற்ற எழுத்துகளைத் தொட்டாலோ, விடை எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும்.

எப்போது நிறுத்துவது

தூக்கம் கெட்டு, அடுத்த அமர்வுக்காகவே நாளைக் கடத்தும் நிலை வந்தால், அல்லது இறந்தவர் தம்மை "வா" என்று கூப்பிடுவதாக ஒருவர் சொல்லத் தொடங்கினால், அந்தக் கணமே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் மீடியத்தின் வாசலை மறுபடி மிதிக்க வேண்டாம்.

குழந்தை முற்பிறவியைப் பேசினால்

இது குறி கேட்பதிலிருந்து முற்றிலும் வேறான நிலைமை, ஏனென்றால் இங்கே யாரும் எதையும் விற்கவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் இத்தகைய குழந்தைகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, 1966-இல் இருபது நிகழ்வுகளை நூலாக வெளியிட்டார். மறுபிறவியை மெய்ப்பித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. அதைச் சுட்டுவனவாக மட்டுமே அவற்றைக் குறிப்பிட்டார். குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் பேசத் தொடங்கி, எட்டு வயதுக்குள் மறந்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. குழந்தை சொன்ன குடும்பத்தைத் தேடிப் போவதற்கு முன்பே எழுதிவைத்த குறிப்பு இருக்கும் நிகழ்வுகளே மதிப்புமிக்கவை. அப்படி இருப்பவை மிகச் சில.

ஆகவே முதலில் எழுதுங்கள். ஏற்காட்டு எஸ்டேட் குடியிருப்பில் வளரும் மூன்று வயதுப் பெண், "எங்க பழைய வீட்டுல தறி ஓடும், தம்பி இருக்கான்" என்கிறாள் என்றால், தேதி, நேரம், உடன் இருந்தவர்கள், அதற்கு முன் நடந்த பேச்சு ஆகியவற்றோடு அவள் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "அந்த வீடு அம்மாப்பேட்டையிலா?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள், "அப்புறம்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு அவள் இதைச் சாதாரணமாகவே அறிந்திருக்க வழி உண்டா என்று பாருங்கள். மலையிலிருந்து இறங்கிச் சேலத்துக்கு ஒரு தடவை வந்துபோன குழந்தைக்குக்கூடத் தறிச் சத்தம் காதில் விழுந்திருக்கும்; தறியும் தம்பியும் உள்ள வீடுகள் அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இப்படிப்பட்ட செய்திகளை வைத்துக்கொண்டு தேடிப் போனால் ஏதோ ஒரு வீடு கிடைத்தே தீரும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், இறந்த விதம் மூன்றும் சேர்ந்து தெளிவாக வந்தால் மட்டுமே தேடுவதில் பொருள் உண்டு.

தேடிக் கண்டுபிடித்தாலும் குழந்தையை உடனே அழைத்துக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் பெரியவர் ஒருவர் போய், எழுதியவற்றில் எவை பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை என்று இரண்டையும் குறித்து வரட்டும். இரு வீட்டாரும் சந்தித்தபின் குழந்தை சொல்வது எதுவும் சான்றாகாது, ஏனென்றால் அதற்குள் எல்லோரும் எல்லோரிடமும் பேசியிருப்பார்கள். வந்தவர்கள் முன்னிலையில் "இவர் யாரு, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டுத் தேர்வு நடத்த வேண்டாம், குழந்தை பேச விரும்பாத நாளில் வற்புறுத்தவும் வேண்டாம். சொத்து, பங்கு, பழைய பகை என்ற பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தாலும் அந்தப் போக்குவரத்தை அன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.