பென்சில் எது, பேனா எது: குழப்பம் தீர்ந்த விதம்

பாலர் வகுப்பில் நான்கு வயதுக் குழந்தைகள் பென்சிலையும் பந்துமுனைப் பேனாவையும் பெயர் மாற்றியே அழைத்துவந்தனர். பட அட்டைகளும் பாட்டும் பல நாள்களை விழுங்கினவே தவிரப் பயன் தரவில்லை. அட்டையைப் பார்த்துச் சரியாகச் சொன்ன குழந்தையே பொருளைக் கையில் கொடுத்ததும் தடுமாறியதைக் கவனித்தபோதுதான், எங்கள் வகுப்புப் பேனாக்களும் பென்சிலைப் போலவே ஆறு பட்டைகளுடன் மஞ்சளாக இருப்பது கண்ணில் பட்டது. ஆகவே வடிவத்தை விட்டுவிட்டு, அவை தாளில் போடும் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாலும் ஒரே தாளில் கிறுக்கச் சொல்லி, ரப்பரால் அழிக்கவைத்தேன். கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த பென்சில் முனையின் துகள்கள் பெரும்பாலும் தாளின் மேலாகவே தங்குவதால் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. பேனா மையோ தாளின் இழைகளைப் பற்றிக்கொள்கிறது. கோடு அழிந்த கணத்திலேயே 'பென்சில்' என்று சொல்லவைத்ததும் பெயர் நிலைத்தது, பெரும் நிம்மதி. அழியும் மை கொண்ட பேனாக்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை மட்டும் அப்போதைக்கு வகுப்புக்குள் விடாதீர்கள்.