விளாம்பழ ஜாம் வழியாத சீஸ் பாண்

சீஸ் பாண் சுடும்போது ஜாமை நேரே பாணில் பூசினால் ஈரம் இறங்கி நடு சொதசொதக்கும். ஓரத்தால் வழிந்தது கல்லில் கருகிக் கசக்கும். பிழை அடுக்கும் வரிசையில்தான். பாண், துருவிய செடார் சீஸ், ஜாம், மறுபடி செடார், பாண் என்று அடுக்கியதும் சரிவந்தது. இரண்டு துண்டுப் பாணுக்குச் சீஸ் 50 கிராம், ஜாம் 2 தேக்கரண்டி. ஓரத்தில் ஒரு விரல் அகலம் ஜாம் இல்லாமல் விடவேணும். வன்னியில் விளாம்பழத்துக்கா பஞ்சம்? அதன் புளிப்பு சீஸின் உப்புக்கு நல்ல சோடி. ஜாம் இளகலென்றால் முதலில் வற்றக் காய்ச்சுங்கோ. சுடச்சுட வாங்கிய பாண் பிய்யும், நேற்றையதே நல்லம். வெளிப்பக்கம் பட்டர் பூசி, தோசைக்கல்லில் மெல்லிய நெருப்பில் மூடிபோட்டு 4 நிமிடம், பிரட்டி மூடாமல் 3 நிமிடம். விறகடுப்பென்றால் கொள்ளியை வெளியே இழுத்துத் தணலில் மட்டும் வையுங்கோ. முக்கோணச் சீஸும் உருகும், ஆனால் இழுபடாது.