குதிரை டிரெய்லர் இழுக்க அளவான கார் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தினமும் வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, கடைகண்ணிக்கு ஓட ஒரு அளவான கார் வேண்டும், அதே கார் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை குதிரையையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இந்த ஆசையில் தப்பே இல்லை, இரண்டு வண்டி வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. ஆனால் கார் பார்க்கக் கிளம்புகிற பெரும்பாலானோர் முதலில் ஒரு காரை மனதுக்குப் பிடித்துப்போய் முடிவு செய்துவிட்டு, அது எவ்வளவு இழுக்கும் என்று பிறகு தேடுகிறார்கள். முதல் தவறு இதுதான். கணக்கைக் குதிரையிலிருந்து தொடங்குங்கள். குதிரையின் எடை, அதற்கேற்ற டிரெய்லர், இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு, அதை இழுக்கிற கார் எது, இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

குதிரையின் எடையைக் கண்ணால் பார்த்து மதிப்பிடாதீர்கள், பழகிய கண்ணுக்கே அது பிடிபடாது. மட்டக்குதிரை என்றால் பொதுவாக 200 முதல் 350 கிலோ, சாதாரண சவாரிக் குதிரை 450 முதல் 600, உயரமும் எலும்புக்கட்டும் உள்ளது 700 வரை போகும். ஒரு டேப் இருந்தால் வீட்டிலேயே ஓரளவு கணக்குப் போடலாம்: முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி வரும் அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. இது மதிப்பீடுதான், சில பத்துக் கிலோ முன்னே பின்னே போகும், அதனால் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது டிரெய்லரும் இழுக்கத் தகுந்த வண்டியும் கொடுத்து உதவினால் குதிரையோடு எடை மேடைக்கே போய்விடுவது எல்லாவற்றையும் விட நல்லது.

அப்புறம் டிரெய்லர். இரண்டு குதிரை ஏறும் டிரெய்லர் காலியாகவே 750 முதல் 950 கிலோ வரை இருக்கும், சேணம் வைக்கத் தனி அறை, கனமான தடுப்பு என்று போனால் 1000ஐத் தாண்டும். ஒரு குதிரை 520 கிலோ, டிரெய்லர் 850, சேணம், வைக்கோல், தண்ணீர் எல்லாம் சேர்த்து 50 என்று வைத்தால் 1420 கிலோ. இரண்டாவது குதிரையும் ஏறினால் 1900ஐத் தாண்டிவிடும், அங்கேயே பெரும்பாலான சிறிய கார்கள் ஆட்டத்தை விட்டு வெளியே போய்விடும். ‘இப்போதைக்கு ஒன்று, பின்னால் தோழியின் குதிரையையும் ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற நினைப்பு இருந்தால் அதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள், காரை வாங்கிய பிறகு அதற்கு வழியில்லை. இன்னொன்று, டிரெய்லரில் உச்ச எடை பொறித்த தகடு இருக்கும். பல நாடுகளில் ஓட்டுநர் உரிமத்துக்கான கணக்கில் பார்ப்பது அந்தத் தகட்டு எடையைத்தான், அன்றைக்கு உள்ளே என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்பதை அல்ல.

இப்போது காருக்கு வருவோம். விளம்பரத்தாளில் ‘இழுதிறன் 1500 கிலோ’ என்று இருக்கும், நம்முடையது 1420தானே, சரி, வாங்கிவிடலாம் என்று தோன்றும். அந்த ஒற்றை எண்ணை நம்புவதுதான் மிகப் பெரிய தவறு. காரும் டிரெய்லரும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று தனியாக ஒரு மொத்த எடை உண்டு. உதாரணத்துக்கு அந்தக் காரின் காலி எடை 1400, கார் டிரெய்லர் இரண்டுக்கும் சேர்த்த வரம்பு 3200 என்று வைப்போம். நான்கு பேரும் அவர்கள் பைகளும் பின்னால் ஒரு சேணப் பெட்டியும் ஏறினால் கார் மட்டுமே 1800 ஆகிவிடும். மிச்சம் 1400. தாளில் 1500 என்று போட்டிருந்தாலும் அந்தப் பயணத்தில் உங்களுக்குக் கிடைப்பது 1400தான், உங்கள் டிரெய்லர் 1420. குடும்பத்தோடு போட்டிக்குப் போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், தனியாக ஓட்டிப் போனால் சரியாக இருந்த கணக்கு எல்லோரும் ஏறியதும் உடைந்துபோகிறது.

ஒரே பெயரில் விற்கிற காருக்கு ஒரே இழுதிறன்தான் இருக்கும் என்று நினைப்பதும் தவறு. எஞ்சின் மாறினால் எண் மாறும், கியர்பாக்ஸ் மாறினாலும் மாறும், நாடு மாறினாலும்கூட மாறும். 2021 மாடல் சுபாரு அவுட்பேக்கை டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 2.5 லிட்டர் எஞ்சினோடு எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்திரேலியாவில் தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்கு 2000 கிலோ, அமெரிக்காவில் 2700 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1225 கிலோ. அதனால் வேறு நாட்டுக்காரர் ஒருவர் ‘இதே காரில் நான் இழுக்கிறேனே’ என்று சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது. பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் எண், பிரேக் இல்லாததற்கு அதைவிட மிகக் குறைந்த இன்னோர் எண் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குதிரையைப் பிரேக் இல்லாத டிரெய்லரில் ஏற்றுகிற பேச்சே வேண்டாம்.

அந்த இழுதிறன் எண் எதைச் சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய விதிப்படி, 12 சதவீதச் சரிவில் நிறுத்திய காரும் டிரெய்லரும் 5 நிமிடத்துக்குள் 5 தடவை கிளம்ப வேண்டும். கிளம்புகிற சக்தி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது, லாரி உரசிக்கொண்டு முந்தும்போது, உள்ளே குதிரை காலை மாற்றி ஊன்றும்போது என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. குதிரை டிரெய்லரை மற்ற டிரெய்லர்களோடு ஒப்பிட முடியாததற்குக் காரணம் இதுதான். சுமை உயரத்தில் இருக்கிறது, நான்கு காலில் நிற்கிறது, வளைவில் சாய்கிறது, பயந்தால் உதைக்கிறது. அரை டன் எடை உள்ளே ஓர் அடி நகர்ந்தால் அந்தத் தள்ளல் நேராகக் காரின் பின்பக்கத்துக்கு வரும். இழுக்கிற கார் இலேசாக இருந்தால் வண்டியை ஓட்டுவது டிரெய்லர்தான், நீங்கள் வெறுமனே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள்.

அதனால்தான் காரின் சொந்த எடையைப் பார்க்கச் சொல்கிறேன். பிரிட்டனில் கேரவன், அதாவது தங்கும் வசதியுள்ள டிரெய்லர், இழுக்கிறவர்களிடையே நெடுநாளாக ஒரு பரிந்துரை உண்டு, புதிதாக இழுப்பவர்கள் காரின் காலி எடையில் 85 சதவீதத்துக்கு மேல் இழுக்க வேண்டாம் என்று. நம் 1420 கிலோவுக்கு அப்படிப் பார்த்தால் கார் ஏறக்குறைய 1670 கிலோ இருக்க வேண்டும். இது சட்டம் இல்லை, ஆனால் உயிருள்ள சுமைக்கு இதை நான் அப்படியே எடுத்துக்கொள்வேன். எடை ஒத்துவரும் கார்களில் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம்) நீளமாகவும், பின் சக்கரத்துக்கும் டிரெய்லரை மாட்டுகிற கொக்கிக்கும் இடைவெளி குறைவாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், ஆட்டம் குறையும். உயரமான குட்டை எஸ்.யூ.வி.யைவிடத் பின்பக்கம் கூரை நீண்டு சாமான் இடம் பெரிதாக உள்ள தாழ்வான எஸ்டேட் கார் பல நேரம் நன்றாக இழுக்கும், பார்வைக்கு எஸ்.யூ.வி. பலசாலியாகத் தெரிந்தாலும் சரி.

கொக்கியின் மேல் இறங்குகிற எடையைப் பலர் கேட்பதே இல்லை. ஐரோப்பிய அளவான கார்களில் அதன் வரம்பு பெரும்பாலும் 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பார்கள், அதைப் படித்துவிட்டு 75 கிலோ வரம்புள்ள காரில் 142 கிலோவை இறக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன்சக்கர இழுவைக் காரில் இது இன்னும் மோசம், இழுக்க வேண்டிய சக்கரத்துக்கே பிடிப்பு குறைகிறது. லாயத்தின் ஈரப் புல்லில் அந்தக் கார் நின்ற இடத்திலேயே சுழலும். மைதானத்தில் நிறுத்துகிற போட்டிகளுக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் நான்கு சக்கர இழுவைக்குக் கொடுக்கிற பணம் வீண் இல்லை. அதேசமயம் கொக்கியில் எடை ரொம்பக் குறைந்தாலும் டிரெய்லர் ஆடும், வரம்பைத் தாண்டாமல் அதை நெருங்கி வைப்பதுதான் சரி.

குதிரைத்திறனைப் பார்த்து மயங்க வேண்டாம். 150 குதிரைத்திறன் என்பது எஞ்சின் உச்சத்தில் சுற்றும்போது வருவது, டிரெய்லரோடு மேட்டில் கிளம்ப உங்களுக்கு வேண்டியது குறைந்த சுற்றிலேயே கிடைக்கிற டார்க், அதாவது முறுக்கித் திருப்பும் விசை. டர்போ டீசல் இதில் நன்றாக இருக்கும், டர்போ பெட்ரோலும் பரவாயில்லை. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 10 சதவீத சக்தியை இழக்கும், மலைப்பாதை உண்டு என்றால் யோசியுங்கள். கியர்பாக்ஸில், எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துகிற டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்தான் என் முதல் தேர்வு. மேட்டில் பின்னோக்கி டிரெய்லரைத் தள்ளும்போது மேனுவல் காரின் கிளட்ச் கருகும், எண்ணெயில் நனையாத இரண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் வகை சூடேறித் தவிக்கும், படிப்படியான கியர் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ந்து மாற்றுகிற சி.வி.டி. உள்ள பல கார்களுக்கு இழுதிறனே குறைத்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

ஹைபிரிட், மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் முதலில் அதற்கு இழுக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், சில மாடல்களுக்கு அறவே கிடையாது. அனுமதி இருந்தாலும் டிரெய்லரோடு ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதியாகக் குறைவது சாதாரணம். அதைவிடப் பெரிய தொல்லை, பல சார்ஜிங் இடங்களில் டிரெய்லரைக் கழற்றாமல் நிறுத்த முடியாது, குதிரை உள்ளே இருக்கும்போது கழற்றவும் கூடாது. பயணம் முழுவதும் ஒரே சார்ஜில் போய்த் திரும்பும் தூரம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

கொக்கியை மலிவாக வெளியே மாட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கம்பெனியே தருகிற இழுவைத் தொகுப்பில் பல கார்களில் டிரெய்லர் ஆட்டத்தை உணர்ந்து பிரேக் போடுகிற மென்பொருளும் சில சமயம் கூடுதல் குளிர்விப்பும் சேர்ந்து வரும், வெறும் இரும்பை மாட்டினால் அதெல்லாம் வராது. பழைய கார் வாங்கினால் கொக்கிப் பந்து தேய்ந்திருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

‘பக்கத்து ஊர்தானே, மெதுவாகப் போய்க்கொள்ளலாம்’ என்று சொல்லி எடையை மீறுகிறவர்கள் உண்டு. மெதுவாகப் போவது நல்லதுதான், வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்கு ஏறினாலே நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆனால் குறுக்கே ஒரு நாய் ஓடிவந்தால் பக்கத்து ஊர்ச் சாலையிலும் அதே பிரேக்தான். எடை ஒத்துவரவில்லை என்றால் ஒரு குதிரைக்கான இலேசான டிரெய்லருக்கு மாறுங்கள், அல்லது வருடத்தில் சில நாள்தான் இழுப்பீர்கள் என்றால் குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டியை வாடகைக்கு எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த சின்னக் காரையே வாங்குங்கள், கணக்குப் போட்டால் பலருக்கு அதுதான் செலவும் குறைவு.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் விற்பவரிடம் அந்தக் குறிப்பிட்ட காரின் சேஸி எண்ணை வைத்து பிரேக் உள்ள இழுதிறன், காரும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை, கொக்கி மேல் எடை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக ‘தாராளமா இழுக்கும்’ என்று மட்டும் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.